நெஞ்செரிச்சல் மாத்திரையை நிறுத்திவிட்டுச் சத்துப்பொடிகளுக்கு மாறலாமா?

கொங்குப் பகுதியில் ஆசிரியையாகப் பணிபுரியும் 49 வயது வாசகி ஒருவர் விரிவாக எழுதியிருக்கிறார். அடையாளம் தரும் விவரங்களை நீக்கிவிட்டு, அவர் கடிதத்தின் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன். மூன்று ஆண்டுகளாக அவருக்கு நெஞ்செரிச்சலும் புளித்த ஏப்பமும் இருக்கின்றன. மாலையானால் வயிறு உப்பிக்கொள்கிறது. மெடிக்கல் ஷாப்பில் "அல்சர் மாத்திரை" என்று கொடுத்த, அமிலத்தை அடக்கும் பான்டோபிரசோலும் வாந்திக்கான டோம்பெரிடோனும் கலந்த கேப்சூலைக் காலை டிபனுக்குப் பிறகு நாள்தோறும் போட்டு வருகிறார். இந்த வகை மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று கேள்விப்பட்டுச் சென்ற மாதம் திடீரென நிறுத்த, எரிச்சல் முன்பைவிட இரு மடங்காகி, பத்தே நாளில் மீண்டும் மாத்திரைக்குத் திரும்பியிருக்கிறார். இரத்த அழுத்தத்திற்கு அம்லோடிபின், முழங்கால் வலிக்கு வாரத்தில் மூன்று நான்கு நாள் டைக்ளோஃபெனாக் மாத்திரை. மாதவிடாய் நின்று நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அதன்பின் ஒன்பது கிலோ கூடி, 155 செ.மீ. உயரத்திற்கு இப்போது 71 கிலோ இருக்கிறார்.

காரம், புளி இரண்டையும் விட்டாகிவிட்டது. இரவில் தயிர்சாதமும் ஒரு டம்ளர் பாலும்தான். அப்படியும் குறையவில்லை. "உங்களுக்கு அமிலம் அதிகமில்லை, குறைவு, அதனால்தான் செரிக்கவில்லை" என்று சொல்லும் நாத்தனார், ஆப்பிள் சிடர் வினிகர், செரிமான நொதி கேப்சூல், நன்மை தரும் கிருமிகள் அடங்கிய புரோபயாட்டிக், அதிமதுரப் பொடி, கற்றாழைச் சாறு என்று ஐந்து பொருள்களை மாதம் 4,200 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். மாத்திரையை விட்டுவிட்டு இவற்றுக்கு மாறலாமா, அல்சர் முற்றினால் புற்றுநோய் ஆகுமா என்பவை வாசகியின் கேள்விகள்.

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் கேட்ட கேள்விகளுக்கு வருவதற்கு முன், கேட்காமல் போகிற போக்கில் எழுதிச் சென்ற இரண்டு வரிகளைப் பற்றிப் பேச வேண்டும். ஒன்று, பள்ளியில் நடந்த மருத்துவ முகாமில் உங்கள் ஹீமோகுளோபின் 9.8 என்று வந்ததும், இரண்டு மாதமாக இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுவதும். இன்னொன்று, ஒருநாள் மாடி வகுப்புக்கு ஏறும்போது நெஞ்சு எரிந்து வியர்த்துக் கொட்டியது, சோடா குடித்து உட்கார்ந்ததும் சரியானது என்பது. உணவையும் பொடிகளையும் பற்றிய பேச்சைவிட இவை இரண்டும் அவசரமானவை.

முதலில் பார்க்க வேண்டியவை

படி ஏறும்போது வந்து, உட்கார்ந்ததும் போகும் எரிச்சல் இரைப்பையிலிருந்து வந்ததா, இதயத்திலிருந்து வந்ததா என்பதை உணர்வை வைத்துப் பிரிக்க முடியாது. எதுக்களிப்பினால் வரும் எரிச்சல் பெரும்பாலும் சாப்பாட்டையோ, குனிவதையோ, படுப்பதையோ ஒட்டி வரும். உழைப்பினால் வந்து ஓய்வினால் தணிவது இதய இரத்தக்குழாய் அடைப்பின் இயல்பு. மாதவிடாய் நின்ற, இரத்த அழுத்தம் உள்ள, எடை கூடிய பெண்ணுக்கு இந்த ஐயம் எழாமல் இருக்கக் கூடாது. "கேஸ் டிரபிள்" என்று சோடாவும் ஓமத் தண்ணீரும் குடித்துக்கொண்டு பொன்னான மணிநேரங்களை வீட்டிலேயே கழித்துவிட்டு மருத்துவமனைக்கு வருபவர்களைப் பார்க்கும்போதெல்லாம் மனம் பதைக்கிறது. இந்த வாரத்திற்குள் ஒரு பொது மருத்துவரையோ இதய மருத்துவரையோ பார்த்து ஈசிஜி எடுங்கள். ஈசிஜி சாதாரணமாக இருந்தாலும் அதோடு விட்டுவிடாமல் டிரெட்மில் சோதனை வேண்டுமா என்று கேளுங்கள். ஓய்வில் எடுக்கும் ஈசிஜி, உழைப்பின்போது மட்டும் வரும் குறையைக் காட்டாமல் போகலாம். இடைப்பட்ட நாளில் நெஞ்சில் எரிச்சலோ அழுத்தமோ வந்து, வியர்வை, மூச்சுத் திணறல், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி ஆகியவற்றில் ஒன்று சேர்ந்திருந்தாலும் 108-ஐ அழைத்துவிடுங்கள்.

அடுத்தது இரத்தசோகை. மாதவிடாய் உள்ள பெண்ணுக்கு ஹீமோகுளோபின் குறைந்தால் அதற்கு எளிய விளக்கம் உண்டு; உங்களுக்கு அந்த விளக்கம் பொருந்தாது. மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு இரும்புச்சத்துக் குறைபாடு உறுதியானால், இரைப்பையிலோ குடலிலோ சிறுகச் சிறுக இரத்தம் கசிகிறதா என்று பார்க்க வாய்வழியே குழாய்க் கேமரா செலுத்தும் மேல் எண்டோஸ்கோப்பியும் பெருங்குடலுக்கான கொலோனோஸ்கோப்பியும் செய்வதே உலகெங்கும் உள்ள நடைமுறை. நீங்கள் சாப்பிடும் டைக்ளோஃபெனாக், வலியே தெரியாமல் இரைப்பையில் புண்ணை உண்டாக்கிக் கசியவைக்கக்கூடியது. இரும்பு மாத்திரை மலத்தைக் கரும்பச்சையாக்கும். அதற்காகப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் தார்போல் ஒட்டும், கடும் நாற்றம் வீசும் கறுப்பு மலம் இரத்தக் கசிவின் அடையாளம். அப்படியிருந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெர்ரிட்டின், வைட்டமின் பி12 ஆகிய இரண்டு இரத்தப் பரிசோதனைகளையும் சேர்த்துச் செய்யுங்கள். பான்டோபிரசோல் வகை மருந்தை இரண்டு ஆண்டுக்கு மேல் தொடர்பவர்களிடம் பி12 குறைவு கூடுதலாகக் காணப்படுகிறது. அமிலம் குறையும்போது இரும்பு உறிஞ்சப்படுவதும் குறைகிறது. நாளுக்கு ஐந்து முறை குடிப்பதாகச் சொல்லும் தேநீரும் உணவிலுள்ள இரும்பைத் தடுக்கும். ஆகவே இரும்பு மாத்திரைக்கும் தேநீருக்கும் இடையே குறைந்தது ஒரு மணி நேர இடைவெளி விடுங்கள்.

அமிலம் குறைந்துவிட்டதா?

நாத்தனார் சொன்ன விளக்கம் இப்போது பரவலாகச் சொல்லப்படுவது. வெறும் வயிற்றில் சமையல் சோடா கரைத்துக் குடித்து, எத்தனை நிமிடத்தில் ஏப்பம் வருகிறது என்று எண்ணும் சோதனையையும் உங்களுக்குச் செய்து காட்டியிருக்கிறார். அந்தச் சோதனைக்கு மருத்துவ மதிப்பு ஏதும் இல்லை. ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவில் ஏறத்தாழ 1,260 மில்லிகிராம் சோடியம் இருப்பதால், இரத்த அழுத்தம் உள்ள நீங்கள் அதை மீண்டும் செய்ய வேண்டாம். அவருடைய கருத்துக்கு எதிரான சான்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: அமிலத்தை அடக்கும் மாத்திரையை நிறுத்தி, அமிலம் பெருகிய அந்தப் பத்து நாளில்தான் எரிச்சல் இரு மடங்கானது. குறைந்த அமிலம் காரணமாக இருந்திருந்தால் அந்த நாட்களில் நீங்கள் நலமடைந்திருக்க வேண்டும்.

உங்களைப் போன்ற பெரும்பாலோருக்கு இரைப்பை சுரக்கும் அமிலத்தின் அளவில் கோளாறு இல்லை. உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்திலுள்ள சுருக்குத் தசை, திறக்கக் கூடாத நேரத்தில் தளர்ந்து, அமிலத்தை மேலே விடுகிறது. வயிறு நிறைய உண்டு இரைப்பை விரிந்திருக்கும்போது அந்தத் தசை அடிக்கடி தளரும். வயிற்றைச் சுற்றிச் சேர்ந்த கொழுப்பு கீழிருந்து அழுத்தும். கொழுப்பு மிகுந்த உணவு இரைப்பையை விட்டு மெதுவாகவே வெளியேறும். அம்லோடிபின் வகை மருந்துகளும் இத்தசையைச் சற்றுத் தளர்த்தக்கூடியவை. அதற்காக நீங்களாக அதை நிறுத்திவிடாமல், வேறு வகை மாத்திரை ஒத்துவருமா என்று அதை எழுதித் தந்த மருத்துவரிடம் கேளுங்கள்.

இன்னொரு திருத்தமும் தேவை. நெஞ்செரிச்சலை எல்லாம் நம் ஊரில் "அல்சர்" என்கிறோம். இரைப்பைப் புண்ணுக்கு முதன்மையான காரணங்கள் இரண்டு: ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியும், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளும். அந்தக் கிருமியைக் கண்டறிந்ததற்காகப் பேரி மார்ஷல், ராபின் வாரன் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர்கள் இருவருக்கும் 2005-இல் நோபெல் பரிசு கிடைத்தது. மிளகாய் புண்ணை உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே புண்பட்ட இடத்தில் எரிச்சல் உணர்வைத் தூண்டுகிறது. ஆகவே நீங்கள் காரத்தை விட்டும் நோய் விடாததில் வியப்பில்லை. புற்றுநோய் அச்சத்தைப் பொறுத்தவரை, சாதாரணப் புண்ணோ எதுக்களிப்போ "முற்றி" புற்றுநோயாக மாறுவது வழக்கமல்ல. இரைப்பைப் புற்றுநோயின் வாய்ப்பைக் கூட்டுவது அந்தக் கிருமி நீண்டகாலம் தங்குவதுதான். எண்டோஸ்கோப்பியின்போதே திசு எடுத்துப் பார்த்து, இருந்தால் இரண்டு வார மருந்தில் அகற்றிவிடலாம். பான்டோபிரசோல் எடுக்கும்போது இந்தச் சோதனையில் கிருமி இருந்தும் இல்லை என்று வரக்கூடும் என்பதால், எத்தனை நாள் முன்னதாக மாத்திரையை நிறுத்த வேண்டும் என்று எண்டோஸ்கோப்பிக்கு நாள் குறிக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

மாத்திரையை எப்படிக் குறைப்பது

நிறுத்தியபோது எரிச்சல் இரு மடங்கானதைப் பார்த்து "உடம்பு இந்த மாத்திரைக்கு அடிமையாகிவிட்டது" என்று வருந்தியிருக்கிறீர்கள். இது அடிமைத்தனம் இல்லை. அமிலத்தை நெடுநாள் அடக்கிவைத்தால் அதைத் தூண்டும் காஸ்ட்ரின் என்ற ஹார்மோன் கூடிவிடும். தடை திடீரென நீங்கியதும் சில வாரங்களுக்கு அமிலம் அளவுக்கு மீறிச் சுரக்கும். எந்தத் தொல்லையும் இல்லாத 120 பேரை வைத்து டென்மார்க்கில் நடந்து 2009-இல் வெளியான ஆய்வில், எட்டு வாரம் இவ்வகை மருந்து எடுத்து நிறுத்தியவர்களில் 44 சதவீதத்தினருக்கு அமிலத் தொல்லை புதிதாக வந்தது. மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் அது 15 சதவீதமே. நலமாயிருந்தவர்களுக்கே இப்படியென்றால், மூன்று ஆண்டு தொடர்ந்த உங்களுக்கு நேர்ந்ததைப் புரிந்துகொள்ளலாம்.

சிறுநீரகம் பற்றிய அச்சத்தையும் அதன் அளவில் வைத்துப் பார்க்க வேண்டும். இம்மருந்துகளால் சிறுநீரகத்தில் ஒவ்வாமை வகை அழற்சி ஏற்படுவது உண்மை, ஆனால் அரிது. பான்டோபிரசோலை வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டு, 17,000-க்கும் மேற்பட்டோரை ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கவனித்து 2019-இல் வெளியான பெரிய ஆய்வில், குடல் தொற்று சற்றுக் கூடியதைத் தவிர, சிறுநீரக நோய் உட்பட வேறெதுவும் கூடவில்லை. ஆண்டுக்கொருமுறை இரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் செயல்பாட்டைக் காட்டுவது), மெக்னீசியம் பார்த்துக்கொண்டால் போதும். எனக்கு அதைவிடக் கவலை தருவது உங்கள் கேப்சூலில் உடனிருக்கும் டோம்பெரிடோன். அது வாந்திக்கான மருந்து. இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கும் வாய்ப்பு இருப்பதால் பொதுவாக ஒரு வாரத்திற்கு மேல் தரக்கூடாதென்று ஐரோப்பிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2014-இல் வரையறுத்தது. இதயப் பரிசோதனை நிலுவையில் உள்ள நீங்கள் அதை நாள்தோறும் மூன்று ஆண்டுகள் எடுத்திருக்கிறீர்கள். பான்டோபிரசோல் மட்டும் உள்ள மாத்திரையாக மாற்றித் தரும்படி மருத்துவரிடம் உடனே கேளுங்கள்.

இப்போதைக்கு மாத்திரையை டிபனுக்குப் பிறகு போடாமல், டிபனுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு வெறும் தண்ணீரில் போடுங்கள். உணவு உள்ளே வரும்போது விழித்தெழும் அமிலச் சுரப்பிகளைத்தான் இம்மருந்து பிடிக்கிறது. சாப்பிட்ட பிறகு போட்டால் பாதி வேலை வீணாகிவிடுகிறது. மூன்று ஆண்டு மருந்தெடுத்தும் அதன் முழுப் பலனை நீங்கள் இன்னும் பார்க்கவில்லை என்றே நினைக்கிறேன். எண்டோஸ்கோப்பியில் உணவுக்குழாய் கடுமையாகப் புண்பட்டிருந்தால் நீண்டகாலம் தொடர வேண்டியிருக்கும்; வலி மாத்திரையைத் தவிர்க்கவே முடியாத நிலையிலும் இது ஒரு பாதுகாப்பு. இரண்டும் இல்லையென்றால், மருத்துவர் மேற்பார்வையில் 40 மில்லிகிராமை 20 ஆக்கிச் சில வாரம், பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள், அதன்பின் நிறுத்தம் என்று இறங்கலாம். இறங்கும் காலத்தில் எரிச்சல் வரும் நாளில், அமிலத்தைக் குறைக்கும் வேறு வகை மாத்திரையான ஃபமோட்டிடினோ, கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் மருந்தோ கைகொடுக்கும். சாப்பிட்டபின் குடித்தால், பாலின்மேல் ஆடை படர்வதுபோல் ஆல்ஜினேட் இரைப்பையில் உள்ளவற்றின்மேல் மிதந்து எதுக்களிப்பைத் தடுக்கும். வாங்கும்போது சோடியம் குறைந்த வகையைக் கேளுங்கள். பழைய சீட்டில் ஃபமோட்டிடின் வகையைச் சேர்ந்த ரானிடிடின் இருந்தால் அதற்குத் திரும்ப வேண்டாம்; மாசு கலந்திருக்கும் ஐயத்தால் 2020-இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது, இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்தும் 2022-இல் நீக்கப்பட்டது.

அந்த ஐந்து பொருள்கள்

இவற்றில் நான் திட்டவட்டமாக வேண்டாம் என்பது அதிமதுரம். அது தீய பொருள் என்பதால் அல்ல. உங்களுக்கு அது ஆகாது. அதிலுள்ள கிளைசிரைசின் உடலில் உப்பைத் தேக்கி, பொட்டாசியத்தை வெளியேற்றி, இரத்த அழுத்தத்தை ஏற்றும். கற்றாழைச் சாற்றில் தோலை ஒட்டிய மஞ்சள் பால் சரியாக நீக்கப்படாவிட்டால் பேதியாகி, அதுவும் பொட்டாசியத்தை இறக்கும். இரண்டும் சேர்ந்து நாள்தோறும் உள்ளே போனால் இதயத் துடிப்பே தடுமாறக்கூடும். டோம்பெரிடோனும் உடனிருந்தால் ஆபத்து இன்னும் கூடுகிறது. இருமலுக்கு என்றோ ஒருநாள் வாயில் அடக்கிக்கொள்ளும் சிறு துண்டு வேறு, மாதக்கணக்கில் தேக்கரண்டி அளவில் உண்பது வேறு.

வினிகர் நெஞ்செரிச்சலைக் குணப்படுத்தும் என்பதற்கு நம்பத்தகுந்த ஆய்வு இல்லை. அமிலத்தால் புண்பட்ட உணவுக்குழாயில் மேலும் அமிலத்தை ஊற்றுவதும், பல் எனாமலைக் கரைப்பதுமே நடக்கும். நொதி கேப்சூலின் அட்டையில் பீட்டைன் ஹைட்ரோகுளோரைடு என்று இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதுவும் அமிலமே, வலி மாத்திரை சாப்பிடுபவர் தொடவே கூடாதது. செரிமான நொதி தேவைப்படுவது கணையம் பழுதுபட்டு, மலம் எண்ணெய்ப் பசையோடு போய், எடை இறங்குபவர்களுக்கு. உங்களுக்கு எடை ஏறியிருக்கிறது. புரோபயாட்டிக்கால் கேடில்லை, நெஞ்செரிச்சலுக்கு அதனால் தெளிவான பலனும் இல்லை. அதற்குப் பதில் மதியம் ஒரு டம்ளர் மோர் குடியுங்கள். இப்பொருள்களின் அட்டையை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள்: சத்துணவுப் பொருள்கள் "மருத்துவப் பயன்பாட்டிற்கு அல்ல" என்று அச்சிட வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. நாத்தனார் நல்லெண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார். "டாக்டர் எண்டோஸ்கோப்பி முடியும்வரை எதுவும் புதிதாக எடுக்கக் கூடாதென்று சொல்லிவிட்டார்" என்று என்மேல் பழியைப் போட்டு மறுத்துவிடுங்கள்.

உணவில் மாற்ற வேண்டியது

நீங்கள் எதைச் சாப்பிடுவது என்பதில் மூன்று ஆண்டு தவம் இருந்திருக்கிறீர்கள். எப்போது, எவ்வளவு என்பதை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை. வீட்டு வேலையெல்லாம் முடித்து 9.45-க்குச் சாப்பிட்டு, பாலும் குடித்து, 10.15-க்குப் படுக்கிறீர்கள். தயிர்சாதமே ஆனாலும் நிறைந்த வயிற்றோடு அரை மணியில் படுத்தால் அது மேலேறத்தான் செய்யும். உணவுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேரம் வேண்டும். குடும்பத்தார் அனைவரும் உண்டபின் உண்பது உங்கள் வழக்கம் என்று தெரிகிறது. வீட்டில் இந்தக் கடிதத்தைக் காட்டி, உங்கள் தட்டை 7.15-க்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். மாலை பள்ளியிலிருந்து வந்ததும் பஜ்ஜி, முறுக்குக்குப் பதில் சுண்டலோ இரண்டு இட்லியோ உண்டால் இரவு அளவாக உண்ண முடியும்.

இரவுப் பாலை நிறுத்துங்கள். குடித்த சிறிது நேரத்திற்கு அது இதமாக இருக்கும்; பிறகு அதன் புரதமும் கால்சியமும் அமிலத்தைத் தூண்டும். தென்னிந்தியப் பெரியவர்களில் பெரும்பாலோருக்குப் பாலிலுள்ள லாக்டோஸைச் செரிக்கும் திறன் குறைவு என்பதால் உப்புசத்திற்கும் அது ஒரு காரணமாகலாம். வெங்காயம், பூண்டு, கொண்டைக்கடலை போன்றவை குடலில் புளித்து வாயுவை உண்டாக்குபவை. ஒவ்வொன்றாக இரண்டு வாரம் குறைத்துப் பார்த்து, வேறுபாடு இல்லாவிட்டால் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள். காரத்தையும் புளியையும் அப்படியே, சிறிது சிறிதாகத் திரும்ப முயன்று பாருங்கள். இரத்தசோகை உள்ளவர் இட்லியும் தயிர்சாதமுமாக வாழ்வது நல்லதல்ல. கீரை, முட்டை, உண்பவரானால் மீன் எல்லாம் வேண்டும். தேநீரை இரண்டாகக் குறையுங்கள். சீரகத் தண்ணீர், பெருங்காயம் சேர்த்த மோர் ஆகியவற்றை உங்களுக்கு இதமாயிருந்தால் தொடரலாம். இரும்பு மாத்திரையால் மலச்சிக்கல் இருந்தால் இசப்கோலை நிறையத் தண்ணீரோடு, மற்ற மருந்துகளுக்கு இரண்டு மணி நேரம் தள்ளி எடுங்கள்.

கட்டிலின் தலைப்பக்கக் கால்களின்கீழ் செங்கல் வைத்து 15 முதல் 20 செ.மீ. உயர்த்துங்கள், தலையணையை அடுக்கினால் இடுப்பு மடங்கி வயிறு இன்னும் அழுந்தும். இடதுபுறம் ஒருக்களித்துப் படுப்பது எதுக்களிப்பைக் குறைக்கும். உள்பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டுவதும் வயிற்றை அழுத்துவதே. அகலப் பட்டி வைத்ததற்கு மாறுங்கள். எடை குறைப்பதன் பலன் இவை எல்லாவற்றையும்விடப் பெரிது. அமெரிக்கச் செவிலியர்களிடம் நடந்து 2006-இல் வெளியான ஆய்வில், உயரத்திற்கேற்ற எடையைக் காட்டும் உடல் நிறை குறியீட்டெண்ணை (பி.எம்.ஐ.) 3.5-க்கு மேல் குறைத்த பெண்களுக்கு அடிக்கடி நெஞ்செரிச்சல் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 40 சதவீதம் குறைவாக இருந்தது. கூடிய ஒன்பது கிலோவும் இறங்கினால் உங்களுக்கு அந்த எண் 29.5-லிருந்து 26-க்குச் சற்றுக் கீழே வரும். முழங்கால் வலியும் குறைந்து டைக்ளோஃபெனாக்கின் தேவையே இல்லாமல் போகலாம். அதுவரை வலிக்குப் பாராசிட்டமால், மேலே தடவும் ஜெல், தொடைத் தசைகளுக்கான பயிற்சி ஆகியவற்றுக்கு மாறுங்கள். இதயப் பரிசோதனை முடியும்வரை வேக நடையைத் தொடங்க வேண்டாம்.

மருத்துவரிடம் போகும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும், முகாமில் கொடுத்த இரத்தப் பரிசோதனைச் சீட்டையும் எடுத்துச் செல்லுங்கள். இரண்டு வாரத்திற்கு என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு, எரிச்சல் எப்போது வந்தது என்று ஒரு நோட்டில் குறித்து அதையும் காட்டுங்கள். இதயப் பரிசோதனைக்கு மட்டும் அந்த இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். விழுங்குவதில் சிரமம், காரணமில்லாத எடை இழப்பு, இரத்த வாந்தி ஆகியவற்றில் ஏதேனும் தென்பட்டால் எண்டோஸ்கோப்பியையும் தள்ளிப்போடாமல் உடனே செய்துகொள்ளுங்கள். முடிவுகள் வந்தபின் மாத்திரையைக் குறைப்பது பற்றி மீண்டும் எழுதுங்கள்.